எச்சரிக்கை: 'தாத்தாவின் ஆல்பம்' என்ற பெயரில் விற்கப்படும் பழைய நீலகிரி பட அஞ்சலட்டைகள்

நேற்று இரவு பத்தரை மணிக்கு, "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. என்னுடைய 46,500 ரூபாய் திரும்பி வராது என்பதை அந்த ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். தூக்கம் வராமல் விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இதை எழுதுகிறேன். பழைய ஊட்டி, குன்னூர், மதராஸ் காட்சிகள் உள்ள பட அஞ்சலட்டைகளைச் சேகரிப்பவர்களும், கையிலிருக்கும் இரட்டைப் பிரதிகளை விற்பவர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். பழைய நாணயம், தபால் தலை, அஞ்சலட்டை ஆகியவற்றை ஏலத்தில் விற்கும் இணையதளம் ஒன்றில், பழைய அட்டைகள் என்று போலிகளை எனக்கு விற்றுவிட்டார்கள். சட்டப்படி புகார் கொடுக்கவிருப்பதால் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதலில் அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். என்னிடம் இலங்கைக் காட்சி அட்டைகளின் இரட்டைப் பிரதிகள் ஐம்பத்து நான்கு இருந்தன. கண்டி ஏரி, பேராதனைத் தோட்டம், கொழும்பு காலிமுகத்திடல் என்று பெரும்பாலும் பிளாட்டே நிறுவனம் வெளியிட்டவை. எட்டு மாதங்களாக அவற்றை ஒவ்வொன்றாக விற்றேன். ஒவ்வோர் அட்டையின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, எந்த மூலை மடங்கியிருக்கிறது, எங்கே மை பரவியிருக்கிறது என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதி, அட்டை வளையாதபடி இருபுறமும் தடித்த காகிதம் வைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ஒருவர்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அப்படிச் சேர்ந்த 46,500 ரூபாயையும் ஒரே நாளில், ஒரே விற்பனையாளருக்குக் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது. அந்த ஆளிடம் அதற்கு முன்பே மூன்று அட்டைகள் வாங்கியிருந்தேன். மதராஸ் துறைமுகம் ஒன்று, ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட மவுண்ட் ரோடு காட்சிகள் இரண்டு. மூன்றும் சந்தேகத்துக்கு இடமில்லாத அசல். விலையும் நியாயம். இன்று யோசிக்கும்போது அவை தூண்டிலில் குத்திய புழு என்று தெரிகிறது. அன்று அவை அவருடைய நேர்மைக்குச் சான்றாகத் தெரிந்தன. மூன்றாவது அட்டை வந்து சேர்ந்த வாரத்தில் அவரே அழைத்தார். "சார், எங்க தாத்தா குன்னூர்ல ரயில்வேல இருந்தவர். அவர் ஒட்டி வச்ச ஆல்பம் ஒண்ணு இருக்கு. பிரிச்சு விக்க மனசு வரலை. உங்களை மாதிரி ஒருத்தர்கிட்ட மொத்தமா போனா எனக்கு நிம்மதி" என்றார். பின்பு ஒரு காணொளி அனுப்பினார். கறுப்புத் தாள்கள் கொண்ட தடித்த ஆல்பம். ஒவ்வோர் அட்டையையும் நான்கு மூலைகளிலும் சிறு காகித முக்கோணங்கள் பிடித்திருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கங்கள் மெதுவாகப் புரண்டன. ஓர் அட்டையை அவர் உருவியெடுத்துத் திருப்பி, அதில் ஊட்டியின் குளிரைப் பற்றி யாரோ ஒரு பெண்மணி எழுதியிருந்த நான்கு வரிகளை நிறுத்தி நிதானமாகப் படித்துக்காட்டினார். அந்தக் குரலில் இருந்த மரியாதையைத்தான் நான் நம்பினேன். மொத்தம் முப்பத்தெட்டு அட்டைகள். காணொளியில் நெருக்கமாகக் காட்டப்பட்டவை ஆறோ ஏழோதான். மற்றவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் நினைவுப் பொருளைச் சந்தேகிப்பது அநாகரிகம் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

பொட்டலம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. திருமணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்த நான் ஞாயிறு இரவுதான் அதைப் பிரித்தேன். ஆல்பம் இல்லை. முப்பத்தெட்டு அட்டைகளும் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கப்பட்டிருந்தன. எடுத்த எடுப்பிலேயே கைக்கு ஏதோ உறுத்தியது. பழைய அட்டைகள் ஏறத்தாழ 9 செ.மீ.க்கு 14 செ.மீ. அளவில் இருந்தாலும், அச்சகத்துக்கு அச்சகம் ஒரு மில்லிமீட்டராவது மாறும், தடிமனும் மாறும். இவையோ ஒரே கத்தியில் வெட்டியதுபோல இம்மி பிசகாமல் இருந்தன. மூலைகள் மட்டும் உப்புத்தாளில் தேய்த்ததுபோல ஒரே மாதிரி மழுங்கியிருந்தன.

நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸை எடுத்தேன். அக்காலத்து அட்டைகளில், ஜெலட்டின் பூசிய தட்டிலிருந்து அச்சிடும் கொலோடைப் முறையில் அச்சானவை ஒழுங்கற்ற நுண்சுருக்கங்களாகத் தெரியும். படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் அச்சானவை வரிசையான புள்ளிகளாகத் தெரியும். உண்மையான புகைப்பட அட்டையென்றால் புள்ளியே இராது. என் கையிலிருந்தவற்றில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் தூவினாற்போலச் சிதறிக் கிடந்தன. இன்றைய இங்க்ஜெட் பிரிண்டரின் வேலை அது. புற ஊதா விளக்கைக் காட்டினேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தாள்களில்தான் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டது. பழைய தாள் அந்த ஒளியில் மங்கலாகவே இருக்கும். இவை முப்பத்தெட்டும் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டன.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் என்னை உலுக்கியது. அந்தக் கட்டில் குன்னூர் சிம்ஸ் பூங்காவின் அட்டை ஒன்று இருந்தது. இடது கீழ் மூலையில் மடிப்பு, பின்பக்கத்தில் பென்சிலால் 17 என்ற எண். விரலால் தடவினால் மடிப்பு தட்டுப்படவில்லை. ரப்பரால் அழித்துப் பார்த்தேன், பென்சில் எழுத்து அழியவில்லை. ஏனென்றால் மடிப்பு, எண் இரண்டும் அச்சிடப்பட்டவை. அந்த 17 என் கையெழுத்து. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தளத்தில் நான் விற்ற அட்டை அது. விற்பனைக்காக நான் ஏற்றிய ஸ்கேனை எடுத்து அச்சடித்து, எனக்கே விற்றிருக்கிறார்கள்.

இன்னொரு அட்டையில் ஊட்டி ரயில் நிலையம் இருந்தது. பின்பக்க முத்திரையில் 1904. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், ஊட்டியை எட்டியது 1908இல். இல்லாத நிலையத்தின் படத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எப்படி அஞ்சலில் சேர்க்க முடியும்? இந்த அட்டை காணொளியிலேயே இருந்தது. நீலகிரி ரயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நான், அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததால் முத்திரையைப் பார்க்கவில்லை.

திங்கள் காலை விற்பனையாளரை அழைத்தேன். "அப்படியா சார், பாக்கறேன்" என்றார். மறுநாள், "பழைய பொருளைத் திருப்பி எடுக்கறது வழக்கமில்லை" என்றார். அதற்கும் மறுநாள், நான் அசலை வைத்துக்கொண்டு போலியைக் காட்டுகிறேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினார். அதன் பிறகு அந்த எண் மணியடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. முப்பது ஆண்டுகளாகச் சேகரிக்கும் ஒருவனைத் திருடன் என்று சொன்னது, 46,500 ரூபாய் போனதைவிட அதிகமாக வலிக்கிறது.

தளம் அவரைவிட மோசம். பொருள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் புகார் செய்யவில்லை என்பது முதல் பதில். என் பழைய விற்பனைப் பக்கத்தையும், அதிலுள்ள 17 என்ற எண்ணையும், வந்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்பது இரண்டாவது பதில். பொருளின் அசல் தன்மைக்குத் தளம் பொறுப்பல்ல என்பது மூன்றாவது. அப்படியானால் அந்த விற்பனையாளரின் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை அடையாளம் போட்டது யார், எதைச் சரிபார்த்து என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் நேற்றிரவு மின்னஞ்சல். விற்பனையாளரின் பக்கம் இன்று காலையும் இயங்குகிறது. கொடைக்கானல் அட்டைகள் என்று புதிய கட்டு ஒன்று ஏலத்தில் இருக்கிறது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, போலியான அல்லது விவரித்தபடி இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் இன்று பதிவு செய்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமில்லை என்பதால் அங்கும் போவேன்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் ஒருநிலையில் இல்லை. மொத்தக் கட்டாக வாங்கினால் ஒவ்வோர் அட்டைக்கும் இரு பக்க ஸ்கேன் கேளுங்கள். முத்திரையின் ஆண்டையும் படத்திலுள்ள கட்டடத்தின் ஆண்டையும் ஒப்பிடுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்தே காணொளியாக எடுங்கள், ஊரில் இல்லையென்றால் வீட்டிலிருப்பவர்களை எடுக்கச் சொல்லுங்கள். விற்பவர்கள் தெளிவான பெரிய ஸ்கேன்களை ஏற்றாதீர்கள், குறுக்கே பெயரைப் போட்டுவிடுங்கள். நான் போடவில்லை.

சிம்ஸ் பூங்கா அட்டை, இடது கீழ் மூலையில் மடிப்பு, பின்னால் பென்சிலில் 17. இது கடந்த இரண்டு ஆண்டுகளில் வேறு யாருக்காவது விற்கப்பட்டிருந்தால், ரப்பரால் ஒருமுறை அழித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். புகாரில் உங்கள் அட்டையையும் சேர்க்க வேண்டும்.