நெக்ஸான்: அம்மா சிரமமில்லாமல் ஏறும் வண்டி

நாமக்கல்லில் எங்கள் வீட்டு வண்டி டாடா நெக்ஸான், பெட்ரோல், மேனுவல் கியர். எனக்கு மிகவும் பிடித்தது சீட்டின் உயரம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பழைய காரில் குனிந்து, கைத்தாங்கலாக இறங்கித்தான் உட்காருவார். இதில் கதவைப் பிடித்தபடி இடுப்பைத் திருப்பி அப்படியே அமர்ந்துவிடுகிறார், யார் உதவியும் வேண்டாம்.

1.2 லிட்டர் டர்போ என்ஜின். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் திணறாமல் ஏறுகிறது. 2018-ல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் இதுதான். இரவில் குடும்பத்தோடு சேலம் போகையில் அந்தத் தைரியம் பெரிது.

அப்புறம், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் வண்டி. பின்னால் பெரியவர்கள் மூவர் என்றால் தோள் இடிக்கத்தான் செய்யும். இருவரும் ஒரு குழந்தையும் என்றால் சரி.