கேத்தில் கல்லுக்கு எது நல்லது: வினாகிரியா, சிட்ரிக் அசிட்டா, பழப்புளியா?

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குழாய்க்கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தில்களின் அடியில் சில கிழமைகளிலேயே கல் பிடித்துவிடும். நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூட்டில் உடைந்து கல்சியம் காபனேற்றாகப் படிவதால் வரும் கல் இது. புளிப்பான எதை ஊற்றினாலும் நுரைக்கும். ஆனால் நுரையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்த அமிலம் கல்சியத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்பு நீரில் கரையுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் தடித்த கல்லுக்கு முதலிடம் வினாகிரிக்கே. அதிலுள்ளது அசற்றிக் அமிலம். இன்றைய பாடநூல்களில் எதனோயிக் அமிலம் என்று வருவதும் இதுதான். அதன் உப்பான கல்சியம் அசற்றேற்று ஒரு லீற்றர் நீரில் 300 கிராமுக்கு மேல் கரையும், அதனால் திரும்பப் படியாது. 5 சதவீத வினாகிரியில் 240 மில்லிலீற்றர் இருந்தால் 10 கிராம் கல் கரையும் என்பது கணக்கு. நடைமுறையில் 300 ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஒரு மணித்தியாலம் ஊறட்டும். நுரை நின்றும் கல் மிச்சமிருந்தால், ஒன்றில் அமிலம் தீர்ந்துவிட்டது, இல்லையேல் அது காபனேற்று அல்ல. ஊற்றிவிட்டுப் புதிதாக விடுங்கள். அப்போதும் நுரைக்காத கல் பெரும்பாலும் கல்சியம் சல்பேற்று அல்லது சிலிக்காவாக இருக்கும். அதற்கு எந்தப் புளிப்பும் உதவாது. வினாகிரியைக் கொதிக்க வைக்காதீர்கள், ஆவி கண்ணை எரிக்கும். மணம் போக வெறும் நீரை இரண்டு முறை காய்ச்சி ஊற்ற வேண்டும்.

மணம் பிடிக்காதவர்கள் சிட்ரிக் அசிட் தூளை விரும்புவார்கள். மெல்லிய கல்லுக்கு அது போதும், சேமித்து வைக்கவும் இலகு. ஒரு லீற்றர் நீருக்குத் தட்டையாக இரண்டு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 25 கிராம், போட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். பலர் பிழைவிடுவது இங்கேதான்: வேகமாகக் கரையட்டும் என்று கொதிக்க விடுகிறார்கள். சிட்ரிக் அசிட்டின் (சித்திரிக் அமிலத்தின்) உப்பான கல்சியம் சித்திரேற்று ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராம் அளவே கரையும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். அமிலம் தாராளமாக இருக்கும்வரைதான் கல்சியம் கரைசலில் நிற்கும். தூளைக் குறைத்துப் போட்டுக் கொதிக்க வைத்தால் கரைசல் பால்போலக் கலங்கி, பழைய கல்லின் இடத்தில் வெள்ளைப் படிவு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் ஆறிய நீரில் புதிய தூளைக் கூடுதலாகக் கரைத்து ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். கல் நிறைய இருந்தால் ஒரே தடவையில் முடிக்கப் பார்க்காமல், கரைசலை ஊற்றிவிட்டு இரண்டாம் தடவை செய்யுங்கள்.

தேசிக்காயிலும் அதே சித்திரிக் அமிலம்தான், சாற்றில் 5, 6 சதவீதம். பத்துக் கிராம் கல்லுக்குக் கால் லீற்றர் சாறு வேண்டும். அத்தனை காயைக் கேத்திலுக்குள் பிழிவது வீண்செலவு.

பழப்புளியை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அதிலுள்ள தார்த்தாரிக் அமிலத்தின் கல்சியம் உப்பு லீற்றருக்கு அரைக் கிராம் அளவே கரையும். கல்லின்மேல் தோலாகப் படிந்து உள்ளே அமிலம் போகாமல் மறிக்கும். பித்தளைக் குத்துவிளக்கு மினுக்கத்தான் புளி உகந்தது.

இறப்பர்ப் பாலை உறையவைக்கும் போமிக் அமிலத்தின் கல்சியம் உப்பு நன்றாகக் கரையும்தான். என்றாலும் செறிந்த அமிலம் தோலைப் பொசுக்கும், குசினிக்குள் அதற்கு இடமில்லை. துருவுக்கு விற்கும் ஒட்சாலிக் அமிலம் நஞ்சு. அதன் கல்சியம் உப்பு கரையவும் கரையாது.

அலுமினியக் கேத்திலென்றால் எந்த அமிலத்தையும் இரவு முழுக்க ஊறவிடக் கூடாது, உலோகத்தையே அரிக்கும். கிணற்றுக்குப் போட்ட வெளிற்றும் தூள் மிச்சமிருந்தால் அதை அமிலத்தோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கேத்தில் பளிச்சென்று ஆனதற்காகத் தண்ணீர் திருந்திவிட்டதென்றும் எடுக்க வேண்டாம். நீரில் புளோரைட்டு இருந்தால் அது அப்படியேதான் இருக்கும், காய்ச்சினாலும் போகாது.