ரோமில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 315 யூரோ போய்விட்டது

ரோம் ஃபியூமிச்சீனோ விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறார். அப்பா தூங்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். முந்தாநாள் ராத்திரியிலிருந்து அவர் சரியாகப் பேசவே இல்லை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் மூன்று பேரிடமும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 315 யூரோ வாங்கிவிட்டார்கள். மூவரில் யாரும் கண்டதை எல்லாம் கேட்டுச் சாப்பிடுகிற ஆள் இல்லை.

அம்மா அப்பாவுக்குக் கல்யாணமாகி 35 வருஷம். நான் வேலை பார்க்கிற ஜெர்மனிக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. நாலு நாள் ரோம் என்று போட்டுக் கூட்டிவந்தேன். கல்யாண நாளன்று ராத்திரி பெரிய ஓட்டல் எதற்கும் போக வேண்டாம், தெருவில் இருக்கிற சின்னக் கடையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம் என்று சொன்னதே நான்தான். கொலோசியம் பக்கம் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடைகளில்தான் ஏமாற்றுவார்கள், உள்தெருவில் இருக்கிற குடும்பக் கடையில் அப்படி இருக்காது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்குத்தான் விலை கொடுத்தோம்.

பொந்தே சிஸ்தோ பாலம் வழியாக ஆற்றைத் தாண்டி த்ராஸ்தேவெரே என்கிற பகுதிக்கு நடந்து போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்தக் கருங்கல் பாவிய தெருவில் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. ஒரு சந்துக்குள் எட்டே மேசை போட்ட த்ரத்தோரியா, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடை. கட்டம் போட்ட மேசைத் துணி, சின்ன விளக்கு, சுவரில் பழைய குடும்பப் படங்கள். இடம் முன்பதிவு செய்கிற ஒரு செயலியில் பார்த்துத்தான் பதிவு செய்திருந்தேன். கடையின் பெயரையும் செயலியின் பெயரையும் இப்போதைக்குப் போடவில்லை. கையில் ரசீது இல்லாமல் பெயர் போட்டு நாளைக்கு என் மேலேயே பிரச்சினை திரும்ப வேண்டாம். ஏன் ரசீது இல்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அம்மா நொண்டுவதைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். "மம்மா, மம்மா" என்றுதான் கூப்பிட்டார். இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ள ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தார். கல்யாண நாள் என்று நான் சொன்னதும் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு நல்ல மனுஷன்" என்று என் காதில் சொன்னார். அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. பணத்தை மட்டும் பிடுங்கியிருந்தால் இவ்வளவு வலிக்காது.

விலைப்பட்டியலைக் கேட்டேன். "இன்றைக்கு ஸ்பெஷலே வேறே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு தட்டில் முழு மீனைக் கொண்டுவந்து அப்பா முன்னால் நீட்டினார். ஸ்பீகொலா. அப்பாவுக்கு மீன் என்றால் கை தானாகப் போகும். செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். "கொடுவா மாதிரி இருக்கு. நல்ல பச்சை மீன்தான், இன்னிக்குப் பிடிச்சது" என்றார். ஒரு கிலோ இருக்கும் என்றும் அப்போதே சொன்னார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் விலை கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சுவரில் இருந்த கரும்பலகையைக் கை காட்டினார். 'பெஸ்காத்தோ தெல் ஜோர்னோ', அதாவது அன்றைய மீன், பக்கத்தில் 8 என்று பெரிதாக, அதற்குக் கீழே சாக்பீஸால் பொடியாக ஏதோ ஒன்று. "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று மறுபடி கேட்டதற்கு, "கல்யாண நாள் அல்லவா, கவலைப்படாதீர்கள், நல்ல விலை" என்று என் தோளைத் தட்டிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது தடவை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்குத் தலையணை கொடுத்தவரிடம் காசைப் பற்றி எத்தனை தடவை கேட்பது என்று விட்டுவிட்டேன். என் தப்பு அவ்வளவுதான்.

அந்தப் பொடி எழுத்து 'லெத்தோ', அதாவது 'ஒரு எத்தோவுக்கு'. ஒரு எத்தோ என்றால் நூறு கிராம். இத்தாலியில் முழு மீனும் சில கடைகளில் ஸ்டேக் இறைச்சியும் இந்தக் கணக்கில்தான் விற்பார்கள். 8 யூரோ என்று கண்ணில் படுவது கிலோவுக்கு 80 யூரோ. சுத்தம் செய்வதற்கு முன்னால் இருக்கிற பச்சை மீனின் எடைக்குத்தான் காசு. இதெல்லாம் அங்கே வழக்கம்தான், அதில் ஏமாற்று இல்லை. எடையை நம் கண்ணில் காட்டாததில்தான் ஏமாற்று இருக்கிறது.

அப்புறம் கேட்காதது எல்லாம் வர ஆரம்பித்தது. சுட்ட ரொட்டியில் தக்காளி வைத்த ப்ருஸ்கெத்தா ஒரு தட்டு. ரொட்டிக் கூடை. அம்மா கேட்டது காச்சோ எ பேப்பே. பெக்கோரினோ பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்டுச் செய்கிற பாஸ்தா அது. அதன் மேல் வேறு எதுவுமே தேவையில்லை. இவர் மேசைக்கே வந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ட்ரஃபிள் காளானைச் சீவிச் சீவிப் போட்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னார். கடைசியில் மூன்று சின்ன கிளாஸில் லிமொன்செல்லோ என்கிற எலுமிச்சை மது, "அவுகூரி, அவுகூரி" என்று வாழ்த்தி வைத்துவிட்டுப் போனார். கல்யாண நாளுக்கு அவர் தருகிற பரிசு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அம்மா அதைத் தொடவே இல்லை.

பில் என்று வந்தது கட்டம் போட்ட ஒரு துண்டுத்தாள். அதில் ஒரே ஒரு எண். 315.

நான் எதையோ தப்பாகப் படிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். விவரம் கேட்டேன். பரிமாறிய பையன் உள்ளே போனான், வரவில்லை. மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் கடைக்காரரே வந்து அதே தாளின் பின்பக்கம் வேக வேகமாக எழுதினார். மீன் 168. பாஸ்தா 14, ட்ரஃபிள் 22. கூனைப்பூ (ஆர்ட்டிச்சோக்) 8, ப்ருஸ்கெத்தா 12, ரொட்டி ஆளுக்கு 3 வீதம் 9. தண்ணீர் இரண்டு பாட்டில் 8, கடை ஒயின் அரை லிட்டர் 10. மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிட்ட ஒரு தீராமிசு இனிப்பு 8, பரிசு என்று நினைத்த லிமொன்செல்லோ 15. கூட்டினால் 274. அதற்கு மேல் 'சேர்விட்ஸியோ', அதாவது சேவைக் கட்டணம், என்று 15 சதவீதம், 41 யூரோ 10 சென்ட். "பத்து சென்ட் வேண்டாம்" என்று பெரிய மனதுடன் சொன்னார். நான் கைபேசியில் அந்தத் தாளைப் படம் எடுத்து வைத்தேன். எடுத்ததும் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

168 யூரோவுக்கு மீன் என்றால் 2 கிலோ 100 கிராம். அப்பா அந்த இடத்திலேயே சொன்னார், "அந்த மீன் ஒரு கிலோவுக்கு மேல வராது. நான் கையால தூக்கிப் பார்த்தேன்." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். "தராசு பொய் சொல்லாது" என்றார். தராசைக் காட்டுங்கள் என்றேன். "சமையலறைக்குள் வெளியாட்கள் வரக் கூடாது, சுகாதார விதி" என்றார். அதுவரை தோளில் கை போட்டுப் பேசியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்பாவுக்கு அது தாங்கவில்லை. "விடும்மா, இது என் செலவு" என்று பர்ஸை எடுத்தார். இந்தப் பயணத்துக்கென்று அவர் மாற்றி வைத்திருந்தது 350 யூரோ. பேரனுக்கு ஏதாவது வாங்க வேண்டும், அம்மாவுக்கு ஒரு தோல் பை வாங்க வேண்டும் என்று அதுவரை ஒரு காபிக்குக்கூட அதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார். அதிலிருந்து 315 யூரோவை எண்ணி மேசையில் வைத்தார். நான் கார்டைக் கொடுக்கிறேன் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கார்டில் கொடுத்திருந்தால் ஒரு தடயமாவது இருந்திருக்கும்.

ரசீது கேட்டேன். இயந்திரம் ரிப்பேர், நாளைக்கு வாருங்கள் என்றார்.

சரி என்று நேற்று போனேன். மதியம் நாலு மணிக்குக் கதவு பூட்டியிருந்தது, அந்த நேரத்தில் அங்கே நிறையக் கடைகள் மூடித்தான் இருக்கும். ஏழு மணிக்கு மறுபடி போனேன். கடைக்காரர் கல்லாவில்தான் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். முந்தின நாள் பரிமாறிய அதே பையன் வந்து, "முதலாளி நேப்பிள்ஸ் போயிருக்கிறார்" என்றான். இப்போதுதானே பார்த்தேன் என்றதும் அவனுக்கு ஆங்கிலம் மறந்துபோனது. தொலைபேசியில் கூப்பிட்டேன், உள்ளே மணி அடிப்பது வெளியில் நிற்கிற எனக்கே கேட்டது, யாரும் எடுக்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், "தங்கள் வருகைக்கு நன்றி, மீண்டும் வருக" என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

முன்பதிவுச் செயலிக்காரர்கள் அதற்கு மேல். முதல் பதில்: உணவகத்தின் விலையில் நாங்கள் தலையிடுவதில்லை. நான் படத்தை அனுப்பினேன். இரண்டாவது பதில்: கையால் எழுதிய தாளை ரசீதாக ஏற்க முடியாது. மேசை உங்கள் செயலியில்தானே பதிவானது என்று எழுதினேன். மூன்றாவது பதில்: உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. நான் எழுதிய விமர்சனம் ராத்திரி வரை இருந்தது, காலையில் பார்த்தால் காணவில்லை. அந்தக் கடைக்கு முன்பிருந்த ஐந்து நட்சத்திரங்கள் அப்படியே இருக்கின்றன. அதில் பாதிப் பேர் அந்தத் தலையணையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். 2018-ல் வெனிஸில் நான்கு ஜப்பானிய மாணவர்களிடம் நாலு ஸ்டேக், ஒரு தட்டு பொரித்த மீன், தண்ணீருக்கு 1,100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள், கடைக்கு அபராதம் விழுந்தது. 2019-ல் இதே ரோமில் இரண்டு ஜப்பானியப் பெண்களிடம் மீன் போட்ட ஸ்பகெட்டி இரண்டு தட்டுக்கும் தண்ணீருக்கும் 429 யூரோ. அவர்களுடைய ரசீதின் படம் ஊர் முழுக்கப் பரவியது. அந்தப் பெண்கள் கையில் ரசீது இருந்தது. எங்கள் கையில் ஒரு துண்டுத்தாளின் படம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. ரோம் இருக்கிற லாட்சியோ மாநிலத்தில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு இவ்வளவு என மேசைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அதனால் பல கடைகள் அதை 'பானே', ரொட்டி, என்று பெயர் மாற்றி வாங்குகின்றன. எங்களிடம் வாங்கிய 9 யூரோ அதுதான். அந்த ரொட்டியை நாங்கள் கேட்கவே இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வரிசையில் நிற்கச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டது, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் கேட்டால் உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே எடை போடச் சொல்லுங்கள், மொத்த விலையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விலைக்குப் பக்கத்தில் எத்தோ என்று இருக்கிறதா பாருங்கள். விலைப்பட்டியலைக் கையில் தராத கடையில் உட்காராதீர்கள். கேட்காத ரொட்டி வந்தால் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். சேர்விட்ஸியோ எத்தனை சதவீதம் என்று பட்டியலில் அச்சடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுக்காதீர்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 'ஸ்கொந்த்ரீனோ' என்று கேட்டு அச்சடித்த ரசீது வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். தர மறுத்தால் அங்கேயே நின்று 117-ஐ அழையுங்கள், அது நிதிக் காவல் படையின் எண். அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

அம்மாவை எழுப்ப வேண்டும். காலையில் கிளம்பும்போதுகூட அம்மா, "ஒருவேளை நாமதான் எடையைத் தப்பாப் பாத்துட்டோமோ" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அந்த மீனைத் தூக்கிப் பிடித்த மாதிரி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.