உயரமான பூ அலங்காரத்தில் வழியவிட எது நல்லது: மணி பிளான்டா, ஆஸ்பராகஸா, ஐவியா?

வரவேற்பு மேசையில் இரண்டரை அடி ஸ்டாண்டு வைத்து, அதன் தலையில் எவ்வளவு ரோஜா குத்தினாலும் குச்சியில் செருகிய பந்து மாதிரிதான் தெரியும். கீழே வழிகிற பச்சை வந்த பிறகுதான் அது அலங்காரம். ஆனால் நம் ஊர்க் கல்யாணத்தில் மாலை ஆறு மணிக்கு வைத்தது ராத்திரி பதினொன்று வரை புழுக்கத்தையும் வீடியோ லைட்டின் சூட்டையும் தாங்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என் ஓட்டு மணி பிளான்டுக்கு. வெறும் தண்ணீரில் வைத்தாலே வேர் விடுகிற கொடி. முந்தின நாள் ராத்திரியே வாளியில் நிறுத்திவிட்டால், சித்திரையில் திறந்தவெளி மேடையில்கூட வாடாது. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். மரத்திலோ சுவரிலோ ஏறி வளர்ந்த கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இலையின் முதுகுதான் வெளியே தெரியும். வெளிறிப்போய் அசிங்கமாக இருக்கும். தொட்டியிலிருந்து தொங்கி வளர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். இலையும் அளவாக இருக்கும். இன்னொன்று, அதன் சாறு சிலருக்கு அரிக்கும், இலையை மென்றால் வாய் எரியும். அதனால் சாப்பாட்டு மேசையில் குழந்தைகள் கைக்கு எட்டுகிற மாதிரி விடவே கூடாது.

ஆஸ்பராகஸ் நம் தண்ணீர்விட்டான் கொடியின் இனம்தான். புகை மாதிரி மெல்லிய பச்சை; மணி பிளான்டின் பெரிய இலை தர முடியாத மென்மை அதில் உண்டு. தட்டையாக விரிகிற வகை வழியாது, நீளமாகச் சரிந்து தொங்குகிற ஸ்ப்ரெங்கெரி வகையைக் கேளுங்கள். முள் இருக்கிறது, கையுறை போடுங்கள். தண்ணீர் குறைந்தால் ஊசி ஊசியாக உதிரும். ஒரு வரவேற்பில் ஒயாசிஸை, அதாவது தண்ணீரில் ஊறவைத்துப் பூ குத்துகிற பச்சை நுரைக்கட்டியை, அவசரத்தில் அரைகுறையாக ஊறவைத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு வெள்ளை விரிப்பு முழுக்கப் பச்சைத் தூள். விருந்தினர் தட்டை நகர்த்தி ஊதிக்கொண்டிருந்தார்கள். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

விழுகிற அழகில் ஐவியை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அது ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குப் பழகியது. இரண்டு மணி நேரம் முழுசாகத் தண்ணீரில் மூழ்க வைத்து எடுத்து, ஏசி ஹாலில் மட்டும் வையுங்கள். வெளியில் வேண்டாம்.

கீரை இனத்தில் செங்குஞ்சமாகத் தொங்கும் அமராந்தஸ் ஒரு பக்கத்துக்கு இரண்டு போதும். ஈரமான துணியில் பட்டால் சாயம் இறங்கும். பிளாஸ்டிக் கொடி கேமரா வெளிச்சத்தில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, எதை எடுத்தாலும் நீளத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மேசை இரண்டரை அடி, ஸ்டாண்டு இரண்டரை அடி, ஆக ஐந்தடி உயரத்தில் பூ தொடங்குகிறது. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடியில். எனவே மேசையில் வழிய இடம் ஒரே ஒரு அடி. மேடை ஓரத் தூணில் மூன்றடி விடலாம். முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எதிரே இருப்பவர் முகம் மறைந்தால், கொடியைக் கம்பியோடு ஒட்டிக் கட்டுங்கள், இல்லையென்றால் நுனியை வெட்டிவிடுங்கள்.