அறுபதுக்குப் பிறகு: அதே ஃபேக்டரியா, கிராப் ஓட்டுவதா?

மலேசியத் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 2013 ஜூலையிலிருந்து சட்டம் அப்படித்தான். பினாங்கு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் இருக்கும் நம்மவர்கள் பலர் அந்த வயதில் அதே ஃபேக்டரியில் ஒப்பந்தத்தில் தொடர்வதா, கிராப் என்ற ஆப் வழியாக வாடகைக் கார் ஓட்டுவதா என்று தடுமாறுகிறார்கள்.

பணம்: ஒப்பந்தத்தில் நீடித்தால் மாதச் சம்பளம் உறுதி, முதலாளி இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் 4 விழுக்காடாவது போடவேண்டும். கிராப்பில் பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் நம் தலையில்.

உடம்பு: அங்கே நைட் ஷிப்ட். இங்கே இடுப்பு வலி, அதோடு சாயங்காலம் பினாங்குப் பாலத்து ஜாம்.

மனசு: இதுதான் பெரிய விஷயம். மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்பவரிடம் இளசுகள் "அங்கிள், கொஞ்சம் பாருங்க" என்று வந்தால் வேலை இனிக்கும். அவரையே மூலையில் உட்காரவைத்து லேபிள் ஒட்டச் சொன்னால், சம்பளம் குறையாவிட்டாலும் எரிச்சலோடுதான் வீடு திரும்புவார். கிராப்பில் அந்த மரியாதை கிடையாது. ஐந்து நட்சத்திரத்துக்காகச் சிரித்துவைக்கவேண்டும். ஆனால் பேரனைப் பள்ளியிலிருந்து ஏற்ற யாரிடமும் லீவு கேட்கவேண்டாம், ஆப்பை அணைத்தால் போதும்.

வீட்டுக்கடன் பாக்கி இருந்தாலோ, அனுபவத்தை மதிக்கும் மேலாளர் இருந்தாலோ ஒப்பந்தமே சரி. எந்த வேலை, எந்த ஷிப்ட் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடனில்லை, காரும் சொந்தம் என்றால் கிராப், அதுவும் பகலில் மட்டும்.