உப்புக்காற்றில் வாயு சென்சார்: எம்கியூ-135, பிஎம்இ680 நீண்டகால அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 200 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் எம்கியூ-135 வாயு சென்சார் போர்டை வாங்கி மாட்டி, வீட்டுக்குள் இத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கார்பன் டை ஆக்சைடு என்று திரையில் காட்டினால், அந்த எண்ணை நம்ப வேண்டாம். அதற்காகப் போர்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். காற்று மாறியிருக்கிறது என்பதை அது சரியாகவே சொல்லும். என்ன மாறியது என்று சொல்லத்தான் அதற்குத் தெரியாது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் பக்கம் கடலோர வீட்டில் சில வருடங்களாக முதலில் இதையும், அப்புறம் பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ680, கடைசியாக சென்சிரியனின் கார்பன் டை ஆக்சைடு சென்சார் எஸ்சிடி41 ஆகியவற்றையும் ஓட்டிப் பார்த்து வந்த முடிவு இது.

எங்கள் ஊர்க் காற்று சென்சாருக்குச் சுலபமான காற்று இல்லை. ஒரு பக்கம் உப்பளம். கரையில் கருவாடு காயும். ஆடி மாதத்தில் கச்சான் என்னும் மேல்காற்று அடித்தால் மேற்கே சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேலத்தைக் கரியாக்கப் போடும் கரிமூட்டத்தின் புகை மெல்ல வந்து சேரும். பைபர் படகுக்கு ஒட்டுப்போடும் நாளில் ரெசின் நாற்றம் தெரு முழுக்க நிற்கும். இவற்றோடு வீட்டுக்குள் மீன் பொரிக்கும் புகை, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள். இத்தனைக்கும் எம்கியூ-135 காட்டுவது ஒரே ஒரு மின்னழுத்தம்தான்.

அது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். உள்ளே இருப்பது டின் டை ஆக்சைடு பூச்சும் அதைச் சூடாக்கும் ஒரு ஹீட்டரும். சூடான பூச்சின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைப்பதால் மின்தடை உயர்ந்திருக்கும். அம்மோனியா, ஆல்கஹால், புகை என்று எது வந்து அந்த ஆக்சிஜனைத் தின்றாலும் மின்தடை இறங்கும். வந்தது எது என்பதற்கு அங்கே அடையாளம் இல்லை. நீராவிக்கும் அது இறங்கும் என்பதுதான் கடலோரத்துக்காரர்களுக்கு வரும் தலைவலி.

தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் ஈரப்பதத்துக்கு 33 சதவீதம், 85 சதவீதம் என்று இரண்டே கோடுகள் போட்டிருக்கிறார்கள். அடிப்படை மின்தடையை 20 டிகிரி வெப்பத்திலும் 33 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படி ஒரு நாளை நான் இந்தக் கரையில் பார்த்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 85ஐத் தாண்டி நிற்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பே பற்றவைக்காமல் இருந்தாலும் போர்டு "காற்று மோசம்" என்று கத்தும். அதனால் பக்கத்திலேயே ஓர் ஈரப்பத சென்சார் இல்லாமல் எம்கியூ-135ஐ மாட்டுவதில் அர்த்தமே இல்லை. இரண்டு வரைகோட்டையும் ஒரே திரையில் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் மழைக்காற்று. ஈரப்பதம் அசையாமல் இது மட்டும் ஏறினால் அடுப்படியைப் பாருங்கள்.

போர்டைப் பற்றிச் சில விஷயங்கள். ஹீட்டர் மட்டுமே 150 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே 5 வோல்ட் நேராகக் கொடுங்கள். அளவீட்டைப் படிக்கும் வைஃபை உள்ள சிறு கணினிப் போர்டான இஎஸ்பி32இன் 3.3 வோல்ட் பின்னில் கொடுத்தால் சரியாகச் சூடேறாது. வெளியீடு 5 வோல்ட் வரை போகக்கூடும் என்பதால் நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு இறக்கித்தான் இஎஸ்பி32க்குக் கொடுக்க வேண்டும். அதுவும் 32 முதல் 39 வரையுள்ள பின்களில். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது படிக்காது. மலிவு போர்டுகளில், சென்சாரோடு தொடராக நின்று வெளியீட்டைத் தீர்மானிக்கும் லோட் ரெசிஸ்டர் 102 என்று அச்சிட்ட 1 கிலோஓம் ஆக இருக்கும். தரவுத்தாள் கேட்பது 20 கிலோஓம் அளவில். மாற்றிச் சால்டர் வைத்த பிறகுதான் சின்னச் சின்ன மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. புதிதாக மாட்டினால் 24 மணி நேரமாவது சூடேறவிட்டு அப்புறம் பாருங்கள்.

பிபிஎம் கணக்குப் போடும் நிரல் நூலகங்களை நம்பி இறங்குவோர் ஒன்றைப் பார்க்க வேண்டும். பலரும் எடுத்துப் பயன்படுத்தும் பழைய நூலகம் ஒன்றில் வெளிக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு 397 பிபிஎம் என்று எழுதி வைத்திருக்கிறது. இன்றைக்கு உலகச் சராசரியே 420ஐத் தாண்டிவிட்டது. ஈரப்பதம் செய்யும் குளறுபடிக்கு முன்னால் இது சின்ன விஷயம்தான், இருந்தாலும் அந்த எண்ணின் யோக்கியதை தெரிகிறது.

இனி உப்பு. எம்கியூ வகை சென்சார்களின் தரவுத்தாளிலேயே உப்புநீர் தெளித்தால் சென்சார் கெடும் என்று எச்சரிக்கை இருக்கிறது. உப்பளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தால் சிரிப்புதான் வரும். என் அனுபவத்தில் முதலில் போனது சென்சார் இல்லை, சுற்றியிருந்த இணைப்புகள். ஜம்பர் ஒயரின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி அளவீடு தாறுமாறாகக் குதித்தது. இப்போது எல்லாமே நேரடிச் சால்டர். கடலைப் பார்த்த ஜன்னலில் வைக்காமல் உள்சுவரில், தரையிலிருந்து ஆள் உட்கார்ந்தால் மூக்கு வரும் உயரத்தில் மாட்டியிருக்கிறேன்.

உப்புக்குப் பயந்து போர்டு முழுவதையும் சிலிக்கோன் வைத்து அடைக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. மோட்டாருக்கு, விளக்குக்கு அது சரி. வாயு சென்சாருக்கு அது விஷம். சிலிக்கோன் காயும்போது வெளிவரும் ஆவி சூடான பூச்சின் மேல் படிந்து மண்ணாகிவிடும், அப்புறம் எதற்கும் அசையாது. அக்ரிலிக் கோட்டிங் எடுத்து, சென்சாரின் துளையை டேப்பால் மூடிக்கொண்டு மற்ற இடங்களில் மட்டும் பூசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே டேப்பை எடுத்து மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பிஎம்இ680 விலை கூடுதல், ஆனால் நான்கு சென்சார் ஒரே சில்லில்: வாயு, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம். பாஷ் தரும் பிஎஸ்இசி மென்பொருள் ஈரப்பதத்தைக் கழித்துவிட்டு 0 முதல் 500 வரை ஒரு குறியீடு கொடுக்கிறது. 50 என்றால் நல்ல காற்று, 200 என்றால் கெட்டது. மழைக்காலத்துப் பொய்க் கத்தல் இதில் பெருமளவு நின்றது. காற்றழுத்தம் இலவச இணைப்பு மாதிரி கிடைத்தாலும் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான். காலை பத்து மணி வாக்கில் ஏறி மாலை நான்கு வாக்கில் இறங்கும் அன்றாட ஏற்ற இறக்கம் வரைகோட்டில் அழகாகத் தெரியும். அந்த ஒழுங்கு குலைந்து இறங்கிக்கொண்டே போனால் வானிலை அறிக்கையைத் திறந்து பார்ப்பேன்.

ஆனால் இந்தக் குறியீட்டில் ஒரு வினோதம். அண்மையில் தான் கண்ட காற்றை வைத்தே அது நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறது. 4 நாள், 28 நாள் என்று இரண்டு நினைவு அமைப்புகள் உண்டு. கருவாடு காயும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசம் தெரியாதது போலத்தான் 4 நாள் அமைப்பும். நாற்றம் தொடர்ந்து இருந்தால் அதையே சாதாரணம் என்று எடுத்துக்கொண்டு 50 காட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். கருவாட்டுச் சரக்கு குறைந்து கரை கொஞ்சம் மூச்சுவிடும். அப்போது அது சுத்தக் காற்றைப் பழகிக்கொள்ளும். தடை முடிந்து படகுகள் இறங்கியதும் குறியீடு ஒரே தாவலாக ஏறும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அப்போது எட்டிப் பார்த்து, "என்னப்பு, ஒம் பெட்டி ஏங்கருவாட்டக் கொற சொல்லுதாக்கும்?" என்பார். பதில் சொல்லக் கஷ்டம். 28 நாள் அமைப்புக்கு மாறிய பிறகு இந்த மறதி குறைந்தது.

மின்வெட்டும் உண்டு. ஒவ்வொரு தடவை நின்று வந்தாலும் மென்பொருள் தன் அளவீட்டுக்குத் தரும் நம்பகத்தன்மை எண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 3 வரை ஏற்ற வேண்டும். பழகியதை அவ்வப்போது பிளாஷ் நினைவகத்தில் சேமித்து, மின்சாரம் வந்ததும் திரும்ப ஏற்றும் வரிகளை நிரலில் கண்டிப்பாகச் சேருங்கள்.

இதே பிஎஸ்இசி "கார்பன் டை ஆக்சைடு சமானம்" என்று இன்னொரு எண்ணும் தரும். ரெசின் நாற்றம் வந்த ஒரு மதியம் அது ஆயிரங்களில் நின்றது, அருகில் இருந்த எஸ்சிடி41 நகரவே இல்லை. எஸ்சிடி41 அந்த வாயு உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளியை வைத்து நேராகவே அளக்கிறது, பிஎஸ்இசி வேறு வாயுக்களைப் பார்த்து ஊகிக்கிறது. ஏசி போட்டுக் கதவை அடைத்துப் படுக்கும் அறைக்கு எஸ்சிடி41 மட்டும்தான் உருப்படி. வாரத்தில் ஒரு முறையாவது வெளிக்காற்று பட்டால் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும், ஜன்னல் திறந்து கிடக்கும் கடலோர வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. கரிமூட்டப் புகையின் துகள்களுக்கு இந்த மூன்றுமே போதாது. அதற்கு பிஎம்எஸ்5003 மாதிரி லேசர் துகள் சென்சார் வேண்டும், அதன் மின்விசிறியை உப்பு எத்தனை நாள் விட்டுவைக்கும் என்பது வேறு கதை.

மின்னணு கற்கும் பிள்ளைகளுக்கு எம்கியூ-135 போதும். வீட்டுக் காற்றை உண்மையாகவே கவனிக்க நினைத்தால் பிஎம்இ680ஓடு எஸ்சிடி41. சமையல் எரிவாயு கசிவுக்கோ, கார்பன் மோனாக்சைடுக்கோ இந்தப் போர்டுகள் எதையும் காவலுக்கு வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கென்று விற்கும் எம்கியூ-7க்கு 60 விநாடி 5 வோல்ட், 90 விநாடி 1.4 வோல்ட் என்று மாற்றி மாற்றிச் சூடு கொடுக்க வேண்டும், சாதாரண மலிவு போர்டுகளில் அந்தச் சுற்றே இருப்பதில்லை. அதற்கென்று சான்றிதழோடு விற்கும் எச்சரிக்கைக் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள்.