இனப்பகையை எப்படி நிரூபிப்பது? மூன்று அளவுகோல்கள், ஒரு ஆட்டோ சண்டை

இலங்கை மலையகத்தின் அட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ தகராறு என்று வைத்துக்கொள்வோம். சவாரி யாருக்கு என்ற வாய்த்தர்க்கம் முற்றி, ஒருவன் மற்றவனின் மூக்கில் குத்துகிறான். "கள்ளத்தோணி, இந்தியாவுக்குப் போடா" என்று மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் வசவையும் கத்துகிறான். குத்தியது குற்றம், சரி. இனப்பகையால்தான் குத்தினானா என்பதை எப்படி நிரூபிப்பது?

அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி பார்த்தால் கஷ்டம். இனமோ மதமோ காரணமாக இல்லாவிட்டால் அடியே விழுந்திருக்காது என்று காட்ட வேண்டும். ஒஹாயோவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் தாடியை வெட்டிய வழக்கில், மதம் ஒரு முக்கிய காரணமாக இருந்தாலே போதும் என்று ஜூரிக்குச் சொல்லிவிட்டார்கள். அதனாலேயே 2014இல் மேன்முறையீட்டில் வெறுப்புக் குற்றத் தீர்ப்புகள் ரத்தாயின. நம்ம ஆட்டோக்காரர் "சவாரிக்காகத்தான் ஐயா சண்டை" என்று சொல்லியே தப்பிவிடுவார்.

இங்கிலாந்தின் 1998ஆம் ஆண்டு சட்டம் இரண்டு கதவு வைத்திருக்கிறது. பகைமை ஓரளவுக்காவது தூண்டியது என்று நிரூபிக்கலாம். இல்லையென்றால், அடிக்கும்போதோ அதற்குச் சற்று முன்னரோ பின்னரோ இனப்பகையை வெளிக்காட்டினான் என்று நிரூபிக்கலாம். இரண்டாவதில் மனசைத் தோண்ட வேண்டியதில்லை; கூட வேறு காரணம் இருந்தாலும் பாதகமில்லை என்று சட்டமே சொல்கிறது. 2007இல், அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ரோஜர்ஸ் வழக்கும் நடைபாதையில் வழிவிடுவதில் தொடங்கிய சண்டைதான். மூன்று ஸ்பானியப் பெண்களை வெளிநாட்டவர் என்று திட்டி, சொந்த நாட்டுக்குப் போகச் சொன்னார் ஒருவர். குறிப்பிட்ட இனத்தின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அது இனப்பகைதான் என்றது தீர்ப்பு. மலையகத்தில் அந்த வசவைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

வாயே திறக்காமல் அடிப்பவனை என்ன செய்வது? அதற்கு விஸ்கொன்சின் மாநில வழி இருக்கிறது: இனத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்தெடுத்தானா என்பது மட்டுமே கேள்வி, வெறுப்பை நிரூபிக்க வேண்டாம். 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏகமனதாக ஏற்றது. 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு தேடி வந்த கும்பல்களுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும். அந்த இடாப்பே சாட்சி.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் பகைமையைத் தூண்டும் பிரசாரத்தைத்தான் தண்டிக்கிறது. ஆட்டோ ஸ்டாண்ட் குத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் சாதாரண காயப் பிரிவுதான். நோக்கத்தைச் சாட்சியமாகக் கொண்டுவர சாட்சிக் கட்டளைச் சட்டம் இடம் கொடுத்தாலும், குற்றத்தின் பெயர் மாறாது.

என்னைக் கேட்டால், தெருச் சண்டைக்கு இங்கிலாந்தின் இரண்டாவது கதவு, கும்பலுக்கு விஸ்கொன்சின். ஆனால் இரண்டையும் வன்முறையோடு கட்டிப்போட வேண்டும். 2019இல் ஹசலக்கவில், சட்டையில் பௌத்தச் சின்னமான தர்மச்சக்கரம் இருப்பதாகச் சொல்லி, அதே ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை.